கேட் ஃபர்பிஷ் அம்மையாரின் தாவர ஏடுகள்

முன்னுரை

படைப்பைக் கூர்ந்து நோக்கிச் சிந்திக்குமாறு திருமறை மாந்தரை மீண்டும் மீண்டும் அழைக்கின்றது. வானின்று இறங்கும் மழையும், அம்மழையால் முளைத்தெழும் பயிரும், ஒரே நீரைப் பருகியும் சுவையால் வேறுபடும் கனிகளும் அங்குச் சான்றுகளாகக் காட்டப்பெறுகின்றன. இவ்வழைப்பைச் செவிமடுத்த அறிஞர் பலர் தாவரங்களைப் பற்றி அரிய நூல்களை யாத்தனர். 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஹனீஃபா அத்தீனவரி தாவர நூல் ஒன்றை எழுதினார். ஸ்பெயின் நாட்டு மாலகாவில் பிறந்து, 1248இல் டமாஸ்கஸ் நகரில் மறைந்த இப்னுல் பைத்தார், சற்றொப்ப 1400 மருந்துப் பொருள்களையும் உணவுப் பொருள்களையும் அகரவரிசையில் தொகுத்து வைத்தார்.

தமிழ் இலக்கியம் பயில்வோர்க்குச் செடிகொடிகளின் பெயர்கள் புதியன அல்ல. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களின் பெயர்களை நிரல்பட அடுக்குவதை யாவரும் அறிவர். ஆயினும், அவற்றுள் சில இன்ன செடியின் பூக்களே என்று துணிவதில் இன்றும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நிலவுகின்றது. பெயர் ஏட்டில் நிலைத்தது. அப்பெயருக்குரிய செடியைக் காட்டும் சான்று நிலைக்கவில்லை. பெயரும் பொருளும் பிரியாமல் காக்கும் வழி யாது? இவ்வினாவிற்கு ஒரு தனிமனிதர் தம் வாழ்நாள் உழைப்பால் விடையளித்துள்ளார். அவர் வட அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த கேட் ஃபர்பிஷ் அம்மையார் ஆவார். பட்டம் எதுவும் பெறாத அவர் விட்டுச்சென்ற ஏடுகளின் வரலாற்றையும், அவ்வேடுகள் கற்பிக்கும் பாடத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

ஃபர்பிஷ் அம்மையார் 1834இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து எக்சிடர் என்னும் ஊரில் பிறந்தார். அவர் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் மெய்ன் மாநிலத்துப் பிரன்சுவிக் நகருக்குக் குடிபெயர்ந்தது. அந்நகரே அவருடைய வாழ்விடமாக இறுதிவரை விளங்கியது. தந்தையார் பெஞ்சமின் ஃபர்பிஷ் ஒரு வணிகர். செடிகொடிகளில் ஈடுபாடு மிக்கவர். தந்தையாருடன் காட்டுவழியே நடந்த நடையே மகளாருக்கு முதற் பள்ளியாயிற்று.

பிரன்சுவிக் நகரில் 1794இல் நிறுவப்பெற்ற போடன் கல்லூரி இருந்தது. ஆயினும் அது ஆடவர்க்கு மட்டுமே உரிய கல்லூரி. தம் ஊரின் கல்விக் கூடத்தில் மாணவியாக நுழைய அவருக்கு வாய்ப்பில்லை. ஆதலின் கிடைத்த வழிகளிலெல்லாம் கற்றார். ஓவியத்தை ஆசிரியரிடம் பயின்றார். பின்னாளில் ஹார்வர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் புகழ்பெற்ற குடேல் என்பார் பாஸ்டன் நகரில் நிகழ்த்திய தாவரவியல் சொற்பொழிவுகளைக் கேட்டார். எஞ்சியவற்றை நூல்களிலிருந்தும் காட்டிலிருந்தும் தாமே கற்றுத் தேர்ந்தார்.

1870ஆம் ஆண்டளவில், மெய்ன் மாநிலத்தில் இயற்கையாக வளரும் பூக்குஞ் செடிகள் அனைத்தையும் தேடிக் கண்டு, வகைப்படுத்தி, வரைந்து வைப்பது என்று உறுதி பூண்டார். 1873இல் தந்தையார் மறைந்தார். அவர் வைத்துச் சென்ற சொத்தால் அம்மையாருக்குப் பொருட்கவலை இல்லாதாயிற்று. அவ்வசதியை இன்பப் பொழுதுபோக்கிற்குச் செலவிடாமல் தாம் மேற்கொண்ட பணிக்கே செலவிட்டமை போற்றத்தக்கது.

களப்பணி

மெய்ன் மாநிலம் காடும் ஏரியும் சதுப்பும் மலையும் நிறைந்தது. அந்நாளில் அதன் வடபகுதிக்குச் சாலைகள் மிகக் குறைவு. அம்மையார் பெரும்பாலும் தனித்தே பயணம் செய்தார். கால்நடையாகவும், வைக்கோல் வண்டியிலும், அஞ்சல் வண்டியிலும், படகிலும், கிடைத்த கட்டைகளைப் பிணைத்த தெப்பத்திலும் சென்றார். நடந்தால் கால் புதையும் சதுப்பு நிலங்களில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து சென்றார். தம்மைப் பித்துப் பிடித்தவர் என்று சிலர் எள்ளியதையும், அவ்வெள்ளலுக்கிடையே தம் பணி நடந்தேறியதையும் பின்னாளில் அவரே எழுதியுள்ளார். இவ்வாறு உழைத்தது ஓராண்டு ஈராண்டு அன்று. சற்றொப்ப 40 ஆண்டுகள் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஏடும் ஓவியமும்

தாவரவியலார் ஒரு செடியைக் கண்டதாகச் சொன்னால் மட்டும் போதாது. கண்டதற்குச் சான்று வேண்டும். அச்சான்றே உலர்தாவர ஏடு. செடியை வேர், தண்டு, இலை, பூ ஆகியவற்றோடு எடுத்து, தாள்களுக்கிடையே பரப்பி, மேலே பாரம் வைத்து, ஈரம் உறிஞ்சிய தாள்களை மாற்றி மாற்றி உலர்த்துவர். பின்னர் அதனைக் கெட்டித் தாளில் ஒட்டி, ஓரத்தில் ஒரு சீட்டு எழுதுவர். செடியின் பெயர், எடுத்த இடம், எடுத்த நாள், எடுத்தவர் பெயர் ஆகியன அச்சீட்டில் இடம்பெறும். பூச்சி அரிக்காமலும் ஈரம் தாக்காமலும் காத்தால் இவ்வேடு நூற்றாண்டுகள் நிலைத்திருக்கும்.

புதிய செடியினம் ஒன்றுக்கு முதன்முதலாகப் பெயரிடும்போது, அப்பெயர் எந்த ஏட்டை அடிப்படையாகக் கொண்டது என்பது முதன்மை பெறுகின்றது. அத்தகைய ஏட்டினை வகைமாதிரி ஏடு என்பர். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அந்த ஏட்டோடு ஒப்பிட்டே தெளிவு காண்பர். பெயரும் பொருளும் பிரியாதிருக்கப் பூட்டிய பூட்டு இது எனலாம்.

உலர்ந்த ஏட்டிற்கு ஒரு குறையும் உண்டு. செடி காய்ந்தவுடன் பூவின் நிறம் மங்கிவிடும். இதழின் வளைவு தட்டையாகிவிடும். இக்குறையை ஃபர்பிஷ் அம்மையார் தம் தூரிகையால் நிறைவு செய்தார். செடி வாடுவதற்கு முன்னரே அதனை நீர்வண்ண ஓவியமாகத் தீட்டினார். அவருடைய ஓவியங்கள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. இலை தண்டோடு பொருந்தும் முறை, பூவின் உறுப்புகள், காயின் வடிவம் ஆகியவற்றை அறிஞர் நோக்கில் அவை காட்டுகின்றன. ஏடு செடியின் உடலைக் காத்தது. ஓவியம் அதன் நிறத்தைக் காத்தது. இரண்டும் சேர்ந்தே முழுச் சான்றாயின.

செயின்ட் ஜான் ஆற்றங்கரையில்

1880ஆம் ஆண்டுக் கோடையில் அம்மையார் மெய்னின் வடகோடியிலுள்ள அரூஸ்டுக் வட்டாரத்திற்குச் சென்றார். அங்கே செயின்ட் ஜான் ஆறு அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கும் கனடாவிற்கும் எல்லையாக ஓடுகின்றது. வான் பியூரன் என்னும் ஊரருகே அவ்வாற்றங்கரையில், இலைகள் பெரணி இலை போல் பிளவுபட்டும், மஞ்சள் நிறப் பூக்கள் தண்டின் உச்சியில் நெருங்கியும் அமைந்த ஒரு செடியைக் கண்டார். அது தாம் கற்ற நூல்கள் கூறும் எந்தச் செடியோடும் ஒத்துவரவில்லை. வழக்கம் போல் ஏடாக்கினார். ஹார்வர்டு அறிஞர்களுக்கு அனுப்பினார்.

அதனை ஆராய்ந்த செரீனோ வாட்சன் அது புதிய இனமே எனத் தெளிந்தார். 1882இல் அதற்குப் பெடிகுலாரிஸ் ஃபர்பிஷியே என்று பெயரிட்டார். பெடிகுலாரிஸ் என்னும் பேரினப் பெயர் பேன் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. இப்பேரினச் செடிகளை மேயும் கால்நடைகளுக்குப் பேன் பிடிக்கும் என்று ஐரோப்பிய உழவர் நம்பிய பழைய நம்பிக்கையே அதற்குக் காரணம். ஆங்கில வழக்கிலும் 'லவுஸ்வொர்ட்' என்றே வழங்குவர். தமிழில் 'ஃபர்பிஷ் பேன்பூண்டு' என்று கூறலாம். பெயரில் எளிமை இருப்பினும் பின்னாளில் இச்செடி பெற்ற பெருமை பெரிது.

இப்பயணத்தைப் பற்றி அம்மையார் 'அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்' என்னும் ஆய்விதழில் 1881, 1882ஆம் ஆண்டுகளில் கட்டுரைகள் எழுதினார். 1895இல் மெய்ன் ஜாஸ்லின் தாவரவியல் கழகம் தோன்றியபோது அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார். பின்னர் அதன் தலைவராகவும் பணியாற்றினார். தாமே கற்றவர் தம்மோடு அறிவு முடிந்துபோக விடவில்லை. கற்போர் கூடும் களமொன்றையும் அமைத்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ஏடுகளின் கொடை

1908இல் அம்மையாருக்கு அகவை 74. அவ்வாண்டில் தம் வாழ்நாள் உழைப்பை உரிய இடங்களில் சேர்ப்பிக்க முனைந்தார். 4000க்கு மேற்பட்ட உலர்தாவர ஏடுகளை நியூ இங்கிலாந்துத் தாவரவியல் கழகத்திற்கு வழங்கினார். 182 பெரணி ஏடுகளைப் போர்ட்லாந்து இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அளித்தார். 1300க்கு மேற்பட்ட ஓவியங்கள் அடங்கிய பெருந்தொகுதிகளைத் தம் ஊரின் போடன் கல்லூரிக்குக் கொடையாக ஈந்தார்.

போடன் கல்லூரி பெண்களை மாணவியராகச் சேர்க்கத் தொடங்கியது 1971இல்தான். அம்மையார் 1931இல், தம் 97ஆம் அகவையில் மறைந்தார். எந்தக் கல்லூரி தம்மை மாணவியாக ஏற்க இயலாதிருந்ததோ, அந்தக் கல்லூரிக்கே தம் தலைசிறந்த செல்வத்தை அவர் வழங்கியுள்ளார். கல்வி தேடுதல் ஆண், பெண் இருபாலார்க்கும் கடமை என வலியுறுத்தும் மார்க்கத்தைப் பின்பற்றுவோர், இச்செய்தியை வியப்போடு மட்டுமன்றித் தன்னாய்வோடும் நோக்குதல் வேண்டும். அறிவு வேட்கை மிக்க பெண்மக்கள் வாயிலில் நின்று திரும்பும் நிலை, எந்தக் காலத்திலும் எந்தச் சமுதாயத்திற்கும் இழப்பே ஆகும்.

அம்மையார் தம் ஓவியங்களை நூலாகக் கண்டதில்லை. அவை நூலகத்துப் பேழைகளில் காத்திருந்தன. 2016இல்தான் அவ்வோவியங்கள் இரு தொகுதிகளாக அச்சேறின. கொடையளித்து 108 ஆண்டுகள் கழிந்து அவை பொதுமக்கள் கைக்கு வந்தன. பாதுகாப்பாக வைக்கப்பெற்றமையால் அன்றோ அது கைகூடிற்று!

செடியின் மறுவரவு

செயின்ட் ஜான் ஆற்றின் மேற்பகுதியில் டிக்கி-லிங்கன் என்னும் பெரிய நீர்மின் அணைத் திட்டத்திற்கு அமெரிக்கப் பேரவை 1965இல் ஒப்புதல் அளித்தது. அத்திட்டம் நிறைவேறின் பல்லாயிரம் ஏக்கர் காடு நீரில் மூழ்கும். அதனால் இயற்கைக்கு நேரும் விளைவுகளை ஆராயும் பணியின்போது, 1976இல், மெய்ன் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் சார்லஸ் ரிச்சர்ட்ஸ் அவ்வாற்றங்கரையில் ஒரு செடியைக் கண்டார். உலகினின்றே மறைந்துவிட்டதாகக் கருதப்பட்டிருந்த ஃபர்பிஷ் பேன்பூண்டே அது. அம்மையார் முதன்முதல் கண்டு 96 ஆண்டுகள் கழிந்து அது மீண்டும் அறிஞர் கண்ணில் பட்டது.

1973இல் இயற்றப்பெற்ற அழிவுநிலை உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. 1978இல் இப்பூண்டு அச்சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. அப்பட்டியலில் முதலில் இடம்பெற்ற தாவரங்களுள் இதுவும் ஒன்று. பேன் என்னும் பெயருடைய ஒரு களைச்செடி பேரணையை மறிப்பதா என்று ஏளனம் செய்தவரும் உண்டு. இச்செடி ஒன்றே அணையைத் தடுத்தது என்று கூறுதல் மிகைக்கூற்றாகும். திட்டத்தின் பெருஞ்செலவு, காட்டையும் ஆற்றையும் காக்க எழுந்த எதிர்ப்பு ஆகியனவும் சேர்ந்தே அதனை நிறுத்தின. 1986இல் திட்டத்திற்கான ஒப்புதல் நீக்கப்பெற்றது. ஆயினும் அவ்விவாதத்தில் இச்செடிக்கு ஓர் இடம் இருந்தது. அவ்விடத்தை உறுதிப்படுத்தியது 1880இன் ஏடும் 1882இன் பெயரும் ஆகும். முன்னர் எவரும் பதிந்திராவிட்டால், ரிச்சர்ட்ஸ் கண்டது மறைந்ததாகக் கருதப்பட்ட செடி என்று யார் சொல்லியிருக்க இயலும்?

செடியும் ஆறும்

இச்செடியின் வாழ்முறை நுட்பமானது. பச்சை இலைகளால் தனக்கு உணவு ஆக்குவதோடு, அண்டைச் செடிகளின் வேர்களைப் பற்றி ஊட்டம் பெறும் அரை ஒட்டுண்ணி இது. முளைத்துச் சில ஆண்டுகள் கழிந்த பின்னரே பூக்கும். கோடையின் பிற்பகுதியில் பூக்கும் அதன் பூக்களில் மகரந்தச் சேர்க்கை நிகழ்த்துவது ஒருவகைப் பெருவண்டு.

செயின்ட் ஜான் ஆறு குளிர்காலத்தில் உறைந்துவிடும். இளவேனிலில் பனிக்கட்டிகள் உடைந்து வெள்ளத்தோடு பாயும்போது கரைகளைச் சுரண்டிச் செல்லும். அச்சுரண்டலில் இப்பூண்டின் கூட்டங்கள் சில அழியும். ஆனால் நிழல் தரும் புதர்களும் அங்கேயே அகற்றப்படுவதால் புதிய கூட்டங்கள் தோன்ற வெற்றிடம் கிடைக்கும். சுரண்டல் அடிக்கடி நிகழ்ந்தால் செடி பூக்கும் பருவம் எய்துமுன் அழியும்; நெடுங்காலம் நிகழாதிருந்தால் புதர் மூடி அழியும். எரிக் மெஞ்சஸ் என்னும் ஆய்வாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வு இவ்வுண்மையைத் தெளிவாக்கிற்று. ஒவ்வொரு கூட்டமும் நிலையற்றது. ஆற்றின் நெடுகிலும் பழையன கழிந்து புதியன தோன்றும் சுழற்சியே இனத்தைக் காக்கின்றது. அணை கட்டி ஆற்றின் போக்கை அடக்கினால் இச்சுழற்சி அறுந்துபோகும்.

ஆதலின் ஒரு செடியைக் காத்தல் என்பது அச்செடியை மட்டும் வேலியிட்டுக் காத்தல் அன்று. அதன் ஆற்றை ஆறாகவே ஓடவிடுதல் ஆகும். இப்பூண்டின் நிலை ஓரளவு சீர்பட்டமையால், 2023இல் அது அழிவுநிலையினின்றும் அச்சுறுத்தலுக்கு உள்ளான நிலைக்கு மாற்றப்பெற்றது. எனினும் புவி வெப்பமாதலால் பனிப்பெயர்வின் ஒழுங்கு மாறுமோ என்னும் கவலை நீடிக்கின்றது.

ஏடுகள் கற்பிக்கும் பாடம்

ஃபர்பிஷ் அம்மையாரின் வாழ்வு மூன்று உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவது, தாமே கற்றல் என்பது நெறியின்றிக் கற்றல் அன்று. அவர் பட்டம் பெறவில்லை. ஆயினும் அறிஞர்க்குரிய ஒழுங்கை ஒருநாளும் தளர்த்தவில்லை. ஐயம் எழுந்தபோது வல்லாரிடம் அனுப்பித் தெளிவு பெற்றார். தற்கல்வியின் பெருமை தனித்திருப்பதில் இல்லை. திருத்தத்திற்கு உட்படுவதில் இருக்கின்றது.

இரண்டாவது, எல்லை வகுத்துக் கொண்டமை. உலகத் தாவரங்களை எல்லாம் அறிய அவர் முயலவில்லை. ஒரே மாநிலத்தை எடுத்துக்கொண்டு, அதன் மூலைமுடுக்குகள் பலவற்றை மிதித்தார். ஒரு வட்டாரத்தை முழுமையாக அறிந்தவரே உலக அறிவுக்குப் புதியதொன்றைக் கொடுக்க வல்லவர்.

மூன்றாவது, சேர்ப்பிக்க வேண்டிய இடத்தில் சேர்ப்பித்தமை. எத்துணை அரிய ஏடாயினும் வீட்டுப் பரணில் கிடந்தால் கரையானுக்கே உணவாகும். அவர் தம் கையாலேயே, தாம் வாழும் நாளிலேயே, தம் ஏடுகளை நிறுவனங்களிடம் ஒப்படைத்தார். தமக்குப் பின்னும் பயன் தரும் அறிவை விட்டுச் செல்லல் நிலைத்த அறம் எனப் போற்றப்படுவதை இங்கு நினைவு கூர்தல் பொருந்தும்.

முடிவுரை

தமிழ் மாணவர் இவ்வரலாற்றினின்றும் பெறத்தக்கது ஒன்றுண்டு. தம் ஊரின் குளக்கரையிலும் வயல்வரப்பிலும் வளரும் செடிகளுக்குப் பெரியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதலாம். எழுதும்போது பெயரோடு நில்லாமல், எந்த ஊர், எந்த நாள், யார் சொன்னது, என்ன பயன் என்பனவற்றையும் குறித்தல் வேண்டும். செடியின் ஒரு கிளையை உலர்த்தி ஏடாக்கித் தாவரவியல் துறையினரிடம் காட்டி, அறிவியற் பெயரையும் அறிந்து எழுதுதல் வேண்டும். அவ்வாறு செய்தால் தமிழ்த்துறையும் தாவரவியல் துறையும் கைகோத்து ஒரு வட்டாரத் தாவரச் சொல்லகராதியை உருவாக்கலாம்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். ஹக்கீம்களாக விளங்கிய முன்னோரின் குறிப்பேடுகள், அரபுத்தமிழில் எழுதிய மருத்துவச் சுவடிகள் போன்றவை வீட்டில் இருப்பின், புரியாத எழுத்து என்று எண்ணி அவற்றைக் கழித்துவிடுதல் கூடாது. ஒரு நூலகத்திலோ கல்லூரியிலோ சேர்ப்பித்தல் நலம். அவற்றில் எந்த வரி எந்நாளில் எவர்க்குப் பயன்படும் என்பதை இன்று கூற இயலாது. 1880இல் ஓர் ஆற்றங்கரையில் ஒரு செடியைத் தாளில் பதித்த அம்மையார், அத்தாள் ஒரு நூற்றாண்டு கழிந்து ஓர் ஆற்றின் எதிர்காலம் பற்றிய வழக்கில் சான்றாய் நிற்கும் என்று அறிந்திருக்க மாட்டார். அவர் அறிந்தது ஒன்றே: கண்டதைக் கண்டவாறு, கண்ட இடத்தோடும் கண்ட நாளோடும் எழுதிவைத்தல் தம் கடமை என்பது. அக்கடமையைச் செய்தார், அதன் பயனை மற்றவர் எய்தினர்.